தகட்டுக்குக் கீழே போன தண்ணீர்

சிறுமலையின் தெற்கு அடிவாரத்தில், வாடிப்பட்டிக்கு வடக்கே, என் பெரியப்பாவின் தென்னந்தோப்பை ஒட்டி ஒரு ஓடை இறங்குகிறது. அதற்குத் தனிப்பெயர் கிடையாது; ஊரில் ‘ஓடை’ என்றாலே அதுதான். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மலையில் மழை பிடித்துக்கொண்டால் இரண்டு பேர் கைகோத்துக்கொண்டுதான் கடக்க முடியும். பங்குனியில் ஒரு சாண் அகலத்துக்குச் சுருங்கிவிடும். சித்திரை பாதியில் உருண்டைக் கல்லும் மணலும் மட்டும் கிடக்கும். பள்ளியில் புவியியல் நடத்தும் நான், ‘வற்றாத ஆறுகள், வற்றும் ஆறுகள்’ என்று கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டு எழுதியே இருபத்தைந்து வருடத்தைக் கழித்தவள். ஒரு நீரோட்டம் எப்படி வற்றுகிறது என்பதை ஒரு முறையாவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்காமல் அந்தக் கோட்டைப் போட எனக்கு என்ன உரிமை என்ற கேள்வி, கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

ஓடையை அளக்க நான் தேர்ந்தெடுத்தது பழைய, எளிய முறை. ஒரு இரும்புத் தகட்டின் மேல் விளிம்பில், கூர்முனை கீழே பார்க்கும்படி, 90 டிகிரி முக்கோணமாக ஒரு வெட்டு வெட்ட வேண்டும். தகட்டை ஓடைக்குக் குறுக்கே நட்டால், பின்னால் தேங்கும் தண்ணீர் அந்த வெட்டின் வழியாக விழும். வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர்மட்டம் எத்தனை சென்டிமீட்டர் நிற்கிறது என்று பார்த்தாலே போதும். வினாடிக்கு எத்தனை லிட்டர் போகிறது என்பதற்கு நூறு வருடத்துக்கு மேலாகப் புழக்கத்தில் இருக்கும் ஒரு வாய்பாடு இருக்கிறது. வாயிலேயே அளக்கக் கூடாது, அங்கே மட்டம் சரிந்துவிடும். ஒரு கை நீளம் மேலே தள்ளி ஒரு குச்சியை நட்டு அதில் அளக்க வேண்டும். வெல்டிங் பட்டறைத் தம்பி வெட்டிக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர், ஓடைக்கு என்றதும் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

மார்கழி நடுவில் தகட்டை நட்டேன். மூன்று நாள் ஒழுங்காக ஓடியது. நான்காம் நாள் காலையில் போனபோது வெட்டின் வழியே நூல் இழை போல விழுந்துகொண்டிருந்தது. ஒரே இரவில் ஓடை இறந்துவிட்டதா என்று பதறிப்போய் மேலே நடந்து பார்த்தேன். இருபதடி தள்ளிக் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நேற்றுப் போலவே போய்க்கொண்டிருந்தது. கீழே இறங்கி வந்தால், தகட்டுக்குப் பத்தடி தாண்டி, மணலுக்குள்ளிருந்து குமிழி விட்டபடி அதே தண்ணீர் மறுபடி வெளியே வந்துகொண்டிருந்தது. என் தகட்டை மணலில்தான் நட்டிருந்தேன். தண்ணீர் அதற்கு அடியில் வழி கண்டுபிடித்துவிட்டது. கிணற்று மேட்டிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பா துண்டை உதறிப் போட்டுக்கொண்டே சொன்னார்: “ஏ தாயி, தகரத்துக்கு மேல போறத நீ நோட்டுல எழுதிக்கிற. அடியில போறத யாரு எழுதுவா?”

குறைந்த நீரோட்டத்தைப் பற்றி அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் இந்தக் கேள்விக்கு விளக்கவுரை போலத்தான் இருந்தது. தகட்டைப் பிடுங்கி, இரண்டடி ஆழத்துக்குக் கெட்டியான கப்பி மண் தட்டும் வரை தோண்டி, களிமண்ணை மிதித்து அடைத்து, சாக்குப் போட்டு மறுபடி நட்டோம். பொங்கலுக்குள் வேலை முடிந்தது.

ஓடையில் ஓடுவது மழைத் தண்ணீர் என்று நாம் பொதுவாகச் சொல்கிறோம். வெள்ளத்துக்கு அது சரி. மழை நின்ற சில மணி நேரத்தில், மேல்பரப்பில் வழிந்து வந்த தண்ணீர் ஓடையை விட்டுப் போய்விடுகிறது. மேல்மண்ணுக்குள் ஊர்ந்து வருவது இன்னும் சில நாள் தாங்கும். அதற்கும் பிறகு, மாதக்கணக்கில் ஒரு மேகமும் இல்லாத வானத்தின் கீழே ஓடை ஓடுகிறது என்றால், அந்தத் தண்ணீரை மண்ணும் பாறை இடுக்கும் சிறுகச் சிறுக விட்டுக்கொடுக்கின்றன என்று பொருள். இதை நான் அடியோட்டம் என்று சொல்லிக்கொள்கிறேன். அடியில் ஒரு சிறு துளை விழுந்த மண்பானையை நினைத்துக்கொண்டால் விளங்கும்: நிறைந்திருக்கும்போது வேகமாகக் கசியும், குறையக் குறையக் கசிவும் மெலியும், கடைசியில் சொட்டும் நிலைக்கு வரும்.

என் நோட்டில் இது நன்றாகத் தெரிந்தது. தை முதல் தேதி வெட்டில் 10 செ.மீ. உயரம், வினாடிக்கு 4.4 லிட்டர். தை 26-ல் 7 செ.மீ.; 1.8 லிட்டர். மாசி மூன்றாம் வாரம் 5 செ.மீ.; முக்கால் லிட்டரைச் சற்றுத் தாண்டும். பங்குனி கடைசியில் 3 செ.மீ.; கால் லிட்டர்கூட இல்லை. உயரம் பத்திலிருந்து ஐந்தாகப் பாதியாகக் குறைந்தபோது ஓட்டம் பாதியாகக் குறையவில்லை, ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். முக்கோண வெட்டின் இயல்பு அது. ஏறக்குறைய ஓடைப் பள்ளத்தின் இயல்பும் அதுதான். பாலத்தின் மேல் நின்று எட்டிப் பார்த்து ‘பாதித் தண்ணி போகுது’ என்று சொல்பவரின் கண் நீரின் அகலத்தையும் ஆழத்தையும் பார்க்கிறது. வேகமும் சேர்ந்து குறைந்திருப்பது அதற்குத் தெரிவதில்லை.

இந்த எண்களை வரிசையாகப் பார்த்தால் இன்னொன்று புலப்படும். ஏறத்தாழ இருபது நாளுக்கு ஒரு முறை ஓட்டம் பாதியாகிக்கொண்டே வந்திருக்கிறது. நாலரை இரண்டேகால் ஆவதற்கும், அரை லிட்டர் கால் லிட்டர் ஆவதற்கும் ஒரே கால அளவுதான். வங்கியில் போட்ட பணம் வட்டிக்கு வட்டியாக ஏறுகிறதே, அதைத் திருப்பிப் போட்ட கணக்கு. நாள்வாரியாக ஓட்டத்தை வரைபடத்தில் குறித்தால் இப்படி இறங்கி வரும் கோட்டைத்தான் நீரியலாளர்கள் ஓடையின் ஜாதகமாக வாசிக்கிறார்கள். கோடு மெதுவாகச் சரிந்தால் மலைக்குள் பெரிய சேமிப்பு இருக்கிறது, அது நிதானமாகச் செலவாகிறது என்று அர்த்தம்; செங்குத்தாக விழுந்தால் சேமிப்பு சிறியது, அல்லது வேறு யாரோ அதில் கை வைக்கிறார்கள். எத்தனை மழை பெய்தது என்பதைப் பொறுத்துக் கோடு தொடங்கும் உயரம் மாறும். சரிவைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் மண்ணும் பாறையும் அதன் மேல் நாம் செய்து வைத்திருக்கும் காரியங்களும்தான்.

அளப்பதில் உள்ள சில்லறைத் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளத்தில் ஒரு கையளவு பிசகினாலும் பெரிய குற்றமில்லை. வறண்ட காலத்தில் ஒரு இலை போதும். பங்குனியில் ஒருநாள் குச்சியில் 5 செ.மீ. காட்டியது, முந்தின நாள் 3. மலையில் ரகசியமாக மழை பெய்துவிட்டதோ என்று மகிழ்ந்துபோய்க் குனிந்து பார்த்தால், ஒரு அரச இலை வெட்டின் வாயில் ஒட்டிக்கொண்டு தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தது. நான் மட்டும் இலையைப் பார்க்காமல் எழுதியிருந்தால் கணக்கில் மூன்றரை மடங்குத் தண்ணீர் ஏறியிருக்கும். அதன்பிறகு, நீர் மிகவும் மெலிந்துவிட்டால் தகட்டையும் குச்சியையும் நம்புவதை விட்டுவிட்டு, வெட்டின் கீழே ஒரு வாளியைப் பிடித்து, அது நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று செல்போனில் பார்த்து எழுதத் தொடங்கினேன். இதைவிடத் துல்லியமான கருவி கால் லிட்டர் ஓட்டத்துக்குக் கிடையாது.

மாசியில் நான் கவனித்த ஒரு விஷயம் இன்னும் வியப்பாகவே இருக்கிறது. விடியற்காலையில் எடுத்த அளவைவிட அதே நாள் பிற்பகல் அளவு குறைவாக இருந்தது. மறுநாள் விடியலில் மறுபடி ஏறியிருந்தது. முதலில் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். ஒரு வாரம் விடாமல் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை எழுதியபோது தாளம் தெளிவாகிவிட்டது. பெரியப்பாவுக்கு இது செய்தியே இல்லை. “மரம் குடிச்சது போக மிச்சந்தான ஓடைக்கு. ராத்திரி அது ஒறங்குது, விட்டுக் கொடுக்குது” என்றார். ஓடைக்கரை மருத மரங்களும் புங்க மரங்களும் பகல் முழுக்க வேரால் இழுத்து இலையால் வெளியே விடும் தண்ணீர், ஓடைக்கு வந்து சேர வேண்டிய அதே அடிநீர்தான். வெயில் தாழ்ந்ததும் இழுவை நிற்கிறது. இரவோடு இரவாக மட்டம் தேறுகிறது. வெள்ளத்தில் இந்த ஏற்ற இறக்கம் யார் கண்ணிலும் படாது. தண்ணீர் மெலிந்த பிறகுதான் ஓடை இவ்வளவு நுணுக்கமாகப் பேசுகிறது.

இரண்டாம் வருடம் கோடு மாறியது. ஓட்டம் பாதியாக இருபது நாள் பிடிக்கவில்லை. பதின்மூன்று, பதினான்கு நாளிலேயே பாதியானது. மாசி முடிவதற்குள் வெட்டில் சொட்டு நின்றுவிட்டது. இடையில் ஓடைக்கு மேலே ஒரு தோப்புக்காரர் ஆழ்துளைக் கிணறு போட்டிருந்தார். அந்த வருடம் மழையும் இரண்டு மூன்று பெரும் கொட்டுகளாகக் கொட்டிவிட்டுப் போய்விட்டது. மலை நின்று குடிக்க அவகாசம் கிடைக்கவில்லை. ஆகவே பழி முழுவதையும் ஒரு மோட்டாரின் தலையில் கட்ட நான் தயாராக இல்லை. ஆனால் மழை நின்றபிறகு கோடு சரியும் வேகம் இவ்வளவு மாறியதற்கு மழையை மட்டும் குறை சொல்லவும் முடியாது. கமலை இறைத்த காலத்தில் மாடும் மனிதரும் களைத்துப்போகும் இடத்தில் கிணறும் ஓய்ந்துவிடும். மாட்டுக்கு அலுப்பு வந்ததே ஓடைக்கு ஒரு பாதுகாப்பாக இருந்திருக்கிறது. மோட்டாருக்கு அலுப்பில்லை, விவசாயத்துக்கு மின்கட்டணமும் இல்லை. அந்தத் தோப்புக்காரரும் கடன் வாங்கித்தான் துளை போட்டார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மதுரை வட்டாரத்து நீரோட்டங்கள் கோடையில் மெலிவதற்கு மனிதர்களின் கைவரிசைக்கு முன்பே ஒரு காரணம் உண்டு. நம் காலுக்குக் கீழே இருப்பது கடினப் பாறை. மேலே சிதைந்த கப்பி ஒரு சில பத்தடி ஆழத்துக்கு இருக்கும். அதற்குக் கீழே தண்ணீருக்கு வெடிப்புகளும் இடுக்குகளும்தான் இடம். ஆற்றுப்படுகை மணலைப் போலப் பாறை தண்ணீரை வாரி வைத்துக்கொள்ளாது. எனவே நம் ஓடைகளின் பானை பிறப்பிலேயே சிறியது. ஆனாலும் சில இடங்களில் பானையின் வாய் சரியான உயரத்தில் அமைந்துவிடுகிறது. அழகர் மலை மேல் ராக்காயி அம்மன் கோயிலில் விழும் நூபுர கங்கையை நம்மில் பாதிப்பேராவது தலையில் வாங்கியிருப்போம். அந்தச் சிலம்பாற்றுத் தண்ணீரில்தான் அழகருக்குத் திருமஞ்சனம்; அந்தத் தண்ணீரில்தான் கோயில் தோசைக்கு மாவு ஆட்டுகிறார்கள். காடு மூடிய மலைத்தலை ஐப்பசி மழையை உள்ளே வாங்கி, பாறை இடுக்கு வழியே கோடை முழுக்க ஒரே சீராகக் கசியவிடுகிறது என்று அதை வகுப்பில் நடத்துவேன். பக்தியாகப் போகிற பிள்ளைகள் யாரும் இதனால் பக்தியை இழந்ததில்லை. மழைக்குப் பிறகு கொஞ்ச நாள் ஆரவாரமாக விழுந்துவிட்டு அடங்கிப்போகும் குட்லாடம்பட்டி அருவியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாடம் தானாக நடந்துவிடும்.

இனி வைகை. என் பிறந்த ஊர் திருவேடகத்துக்குப் பக்கம். சம்பந்தர் விட்ட ஏடு வைகையின் ஓட்டத்தை எதிர்த்து ஏறி வந்து கரை சேர்ந்த இடம் என்பது தலபுராணம். எதிர்த்து ஏறுவதற்கு ஒரு ஓட்டம் இருந்தாக வேண்டுமே என்று இப்போது ஆற்றைப் பார்க்கிறவர்கள் கேலி செய்வார்கள். எண்பதுகளில், நான் சிறுமியாக இருந்தபோது, சித்திரையில் ஆறு மணல்வெளியாகத்தான் கிடந்தது. ஆனால் ‘ஆறு வத்திப்போச்சு’ என்று என் அப்பத்தா சொல்லி நான் கேட்டதில்லை. ‘ஆறு கீழ போயிருச்சு’ என்றுதான் சொல்வார். சாயங்காலம் குடத்தையும் சிரட்டையையும் எடுத்துக்கொண்டு இறங்குவோம். வெயில் ஆறாத மேல்மணலைக் காலால் ஒதுக்கிவிட்டு, கையால் வட்டமாகத் தோண்டுவார். ஒரு சாணில் நிறம் மாறும், முழங்கை ஆழத்தில் குழியின் ஓரம் பளபளக்கும், பிறகு அடியில் மெல்லக் கலங்கலாகத் தண்ணீர் ஊறும். முதல் இரண்டு சிரட்டையை வெளியே வீசிவிட வேண்டும். மூன்றாவது ஊறலில் தண்ணீர் தெளியும். மணல் துகள் அடியில் சுழன்று அமர்வது தெரியும். குடம் நிறைய கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு வழித்தால் கலங்கிவிடும் என்பதால், ஊறுகிற வேகத்துக்குத்தான் நாம் மொள்ள வேண்டும்.

அந்த மணல் ஒரு பாத்திரம். 200 மீட்டர் அகலமுள்ள படுகையில், ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு, ஒரே ஒரு மீட்டர் கனமுள்ள மணலை எடுத்துக்கொள்வோம். நனைந்த மணல் தன் கன அளவில் கால் பங்குத் தண்ணீரை வடித்துக் கொடுக்கும் என்று வைத்தால், அது ஐந்து கோடி லிட்டர். வெயில் படாத, ஆவியாகாத, கொசு முட்டையிடாத ஐந்து கோடி லிட்டர். ஆறு மேலே ஓடாத மாதங்களிலும் அந்தத் தண்ணீர் சரிவின் வழியே கிழக்கு நோக்கி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. இரு கரைக் கிணறுகளுக்கும் சோழவந்தான் பக்கத்துக் கொடிக்கால்களுக்கும் அதுவே ஆதாரம். வைகையை ஒட்டிய கீழடியில் 2015 முதல் தோண்டியெடுத்தவற்றில் சுடுமண் உறைகிணறுகளும் உண்டு. ஆற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கிணறு இறக்கிய அந்த மக்களுக்கு, ஆறு என்பது கண்ணுக்குத் தெரிகிற பகுதி மட்டுமல்ல என்பது தெரிந்திருக்கிறது.

தொண்ணூறுகளில் அதே இடத்தில் குழி இடுப்பளவு ஆனது. பிறகு மணல் லாரிகள் வந்தன. மணலை அள்ளினால் பாத்திரம் சிறுக்கிறது என்பது ஒரு பாதி. படுகை தாழ்ந்துபோவதால் கரைநிலத்தின் நீரும் அந்தப் பள்ளத்தை நோக்கி வடிந்து இறங்குகிறது என்பது மறு பாதி. இரண்டும் சேர்ந்தபிறகு அப்பத்தாவின் சிரட்டைக்கு வேலையில்லாமல் போனது. பாறையும் களிமண்ணும் தெரிகிற படுகையில் சீமைக்கருவேல் முளைத்தது.

செய்தித்தாளில் நாம் படிக்கிற வைகை வேறொரு வைகை. ‘அணையிலிருந்து வினாடிக்கு இத்தனை கன அடி திறப்பு’ என்பதுதான் அதன் மொழி. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர், வினாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஏறத்தாழ 24.5 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் 200 லாரிக்கு மேல். நூறு கன அடியை ‘சொற்பம்’ என்று நாம் தாண்டிப் போகும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். தாது வருஷப் பஞ்சத்தில் 1876 முதல் 1878 வரை இந்தச் சீமை செத்துப் பிழைத்தது. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணை, மேற்கே போன தண்ணீரை மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பியது. 1959-ல் ஆண்டிபட்டிக்கு அருகே 71 அடி கொள்ளளவு மட்டத்தோடு வைகை அணை வந்தது. சோறு போட்ட காரியங்கள் இவை. குறை சொல்ல வரவில்லை. ஆனால் இவற்றுக்குப் பிறகு மதுரையில் ஓடும் தண்ணீரைப் பார்த்து மலையின் நலத்தைச் சொல்ல முடியாது. கோடையில் ஆற்றில் தண்ணீர் வந்தால் வருசநாட்டு ஊற்றுகள் தேறிவிட்டன என்று பொருளில்லை. யாரோ மதகைத் தூக்கியிருக்கிறார்கள். வைகையின் சொந்தக் கோடை ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அணைக்கும் மேலே, வருசநாட்டு மலையிலிருந்து இறங்கும் மூல வைகைக்குப் போக வேண்டும்.

சித்திரைத் திருவிழாவுக்கு அணையிலிருந்து தண்ணீர் விடுவார்கள். மதுரை அங்கிருந்து சாலைவழியே சுமார் 70 கிலோமீட்டர். காய்ந்து கிடக்கும் படுகை முதலில் தன் தாகத்தைத்தான் தீர்த்துக்கொள்ளும். அணையில் புறப்பட்ட அளவு மதுரை ஏ.வி. பாலத்துக்கு வந்து சேர்வதில்லை என்பதில் ‘எங்கே போனது, யார் திருடியது’ என்று கேட்க எதுவும் இல்லை. கிணறுகள் தாழ்ந்த கரைகளுக்கு நடுவே, ஆறு தண்ணீரை வாங்குவதற்குப் பதிலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அடியோட்டம் தலைகீழாகிவிட்டது. தண்ணீர் வராத வருடங்களில் ஆற்றுக்குள் குழி வெட்டி, அதில் நிரப்பி, அழகரை இறங்கச் செய்ததும் உண்டு.

அப்படியானால் வைகாசியில், மதகு மூடிய பிறகும், செல்லூர்ப் பக்கம் கறுப்பாக ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறதே, அது என்ன என்று கேட்கலாம். பந்தல்குடி வாய்க்கால் போன்றவை கொண்டுவந்து சேர்க்கும் கழிவுநீர் அது. ஆகாயத்தாமரை அதில்தான் செழிக்கிறது. மழையையும் பாறையையும் பொறுத்து அது ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. ஊர் குளிக்கிற நேரத்துக்கு ஏறி, ஊர் உறங்கும்போது இறங்குகிறது. என் ஓடையில் மரங்கள் எழுதிய தாளத்தை இங்கே குளியலறைகள் எழுதுகின்றன. ஆறு மெலிவதன் மோசமான விளைவும் இதுதான். ஆற்றில் 90 லிட்டர் நல்ல தண்ணீர் போகும்போது 10 லிட்டர் சாக்கடை கலந்தால் அது பத்தில் ஒரு பங்கு. ஆறு 10 லிட்டராக மெலிந்தால் அதே சாக்கடை பாதிக்குப் பாதி. அமெரிக்காவில் கழிவுநீரை ஆற்றில் விட அனுமதி கொடுக்கும்போது, பத்து வருடத்துக்கு ஒரு முறை நேரக்கூடிய மிகக் குறைந்த ஏழு நாள் சராசரி ஓட்டத்தை அடிப்படையாக வைப்பது பரவலான வழக்கம். நல்ல நாளில் ஆறு எவ்வளவு தாங்கும் என்று கேட்காமல், மிகக் கெட்ட வாரத்தில் எவ்வளவு தாங்கும் என்று கேட்பது சரியான கேள்வியாக எனக்குப் படுகிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. வகுப்பில் செய்து பார்க்கப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது. 365 நாள் அளவுகளையும் துண்டுச் சீட்டுகளில் எழுதி, தேதியை மறந்துவிட்டு, பெரியதிலிருந்து சிறியது வரை தரையில் அடுக்க வேண்டும். நூற்றுக்கு 95 சீட்டு தாண்டிய இடத்தில் உள்ள எண், நூற்றில் 95 நாள் குறையாமல் கிடைக்கக்கூடிய ஓட்டம். இங்கிலாந்தில் ஆற்றிலிருந்து எவ்வளவு எடுக்கலாம் என்று முடிவெடுக்கும்போது இந்த எண்ணைப் பார்ப்பார்கள். என் ஓடைச் சீட்டுகளை அடுக்கியபோது கடைசிப் பகுதி முழுவதும் பூஜ்யம். ‘டீச்சர், எல்லாம் ஒரே மாதிரி இருக்கு, எப்படி அடுக்குறது?’ என்று ஒரு மாணவி கேட்டாள். பூஜ்யங்களை அடுக்க முடியாது, எண்ணத்தான் முடியும். முதல் வருடம் 80-க்குச் சற்று மேல். இரண்டாம் வருடம் 120-ஐத் தாண்டியது. நம் நாட்டு ஓடைகளுக்கு எத்தனை லிட்டர் என்பதைவிட எத்தனை நாள் என்பதே நேர்மையான அளவு.

பூஜ்யம் என்று நான் எழுதிய நாட்களிலும் ஓடை முழுவதும் காலியாக இருக்கவில்லை. பாறை மடுவுகளில் குட்டை குட்டையாகத் தண்ணீர் நின்றது. ஓட்டம் அறுந்தவுடன் அந்த மடுவுகள் தனித்தனி ஊர்களாகிவிடுகின்றன. தண்ணீர் சூடேறும், கரைந்த காற்று குறையும். மேலே வந்து வாயால் காற்றை விழுங்கத் தெரிந்த விரால் சமாளிக்கும். மதுரைக்காரர்கள் குழம்பு வைத்துக் கொண்டாடுகிற அயிரை மணலுக்குள் புதைந்துகொள்ளும். வைகாசியில் ஒரு மடுவின் ஓரத்தில் ஈர மணலைக் கையால் வாரியபோது இரண்டு அயிரைகள் துள்ளின. தகட்டில் பூஜ்யம் காட்டிய பதினேழாவது நாள் அது.

வறட்சிக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு வருடமும் பங்குனியில் ஓடை மெலிவது வறட்சியில்லை. அது அதன் சுவாசம். வழக்கமாக மெலிவதைவிட முன்னதாகவோ நீண்ட நாளோ மெலிந்தால்தான் கவலை. வழக்கம் என்ன என்று எழுதி வைத்திருந்தால்தான் இந்த வேறுபாடே தெரியும். 2017 கோடையில் வைகை அணை நீர்ப்பரப்பின் மேல் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டு, அவை காற்றில் கரை ஒதுங்கியதைப் பார்த்து நாடே சிரித்தது. ஆவியாகும் தண்ணீரைக் காப்பாற்ற நினைத்ததில் தவறில்லை. ஆனால் நிழல் தேவையில்லாத ஒரு நீர்த்தேக்கத்தை, மணலை, அள்ளி லாரியில் ஏற்றியபோது யாரும் இவ்வளவு சத்தமாகச் சிரிக்கவுமில்லை, அழவுமில்லை.

கண்மாய்களைப் பற்றி இரண்டு வரி. ஒரு கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகிற சங்கிலி, வெள்ளத்தை நிறுத்தித் தரைக்குள் அனுப்புகிற ஏற்பாடும்கூட. வரத்துக் கால்வாய் தூர்ந்துபோன கண்மாயின் கீழ்ப்புறத்துக் கிணறுகளைப் பார்த்தால் இதற்கு வேறு சாட்சி தேவைப்படாது.

இந்த வருடம் சித்திரை 5-ம் தேதி தகட்டில் சொட்டு நின்றது. வழக்கம்போல நோட்டில் பூஜ்யம் போட்டுவிட்டு எழுந்தபோது பெரியப்பா மண்வெட்டியோடு வந்தார். தகட்டுக்குப் பத்தடி கீழே, முன்பு தண்ணீர் குமிழியிட்ட அதே இடத்தில், ஒரு குழி வெட்டினார். எண்பதைத் தொடப்போகிறவருக்கு மூச்சு வாங்கியது. பாதியில் நான் வாங்கி வெட்டினேன். ஒன்றரை முழத்தில் மணல் கறுத்தது. இரண்டு முழத்தில் குழியின் மேற்கு ஓரம் வேர்த்தாற்போலப் பளபளத்தது. கரையில் உட்கார்ந்து காத்திருந்தோம். அடியில் ஒரு சிரட்டை கொள்கிற அளவுக்குத் தண்ணீர் ஊற இருபத்திரண்டு நிமிடம் ஆனது. நோட்டில் அளவுகோலை வைத்துப் புதிதாக ஒரு பத்தி கிழித்து, மேலே ‘குழி’ என்று எழுதி, அதற்குக் கீழே ‘2 முழம், 22 நிமிடம், தெளிவு’ என்று குறித்துக்கொண்டேன்.